உங்கள் வீடு உங்களைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒருவரின் குணத்தை அறிய வேண்டுமானால் அவரோடு பல நாள் பழக வேண்டும் என்பார்கள். இன்னொரு வழியும் உண்டு. அவருடைய வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். பாதி தெரிந்துவிடும்!

சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறார்? அலமாரியில் எதை முன்னால் வைத்திருக்கிறார்? காற்று வரும் இடத்தில் யாருடைய நாற்காலி கிடக்கிறது? இவை எல்லாம் வாய் திறந்து பேசும்.

குழந்தை கிறுக்கிய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வீட்டில், குழந்தைக்கு மதிப்பு இருக்கிறது. கைக்கு எட்டும் இடத்தில் புத்தகம் இருந்தால், அங்கே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் விடிந்ததும் கோலம் விழுந்தால், அந்த வீட்டில் சோம்பலுக்கு இடம் இல்லை.

இதற்குப் பணம் வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வீடுகளைப் பார்ப்போம். ஒன்று எளிய குடிசை. மற்றொன்று பெரிய மாளிகை.

மண் சுவரில் பனை மரம்

1936-ம் ஆண்டு காந்தியடிகள் வார்தாவுக்கு அருகே உள்ள சேவாகிராமத்தில் குடியேறினார். அங்கே அவர் வாழ்ந்த குடிசை இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. மண் சுவர். ஓட்டுக் கூரை. தரையில் பாய். எழுதுவதற்குச் சிறிய மேசை. அவ்வளவுதான்!

ஆனால் அந்தக் குடிசையிலும் அலங்காரம் உண்டு. காந்தியடிகளின் சிஷ்யை மீராபென், அதன் மண் சுவரிலேயே பனை மரங்களையும் ராட்டையையும் மண்ணால் புடைப்பாகச் செய்து வைத்தார். அதற்கு விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

ராட்டை காந்தியடிகள் செய்த வேலை. பனை ஏழைகளின் மரம். சுவரைப் பார்த்தாலே அங்கே வாழ்ந்தவர் யார் என்று தெரிகிறது.

மகனுக்கு ஓர் அறை

இனி நம் காரைக்குடிப் பக்கம் வருவோம். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார், ஊர் திரும்பிப் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மா தேக்கில் தூண்கள். வெளிநாட்டுப் பளிங்கு. சுவரில் முகம் பார்க்கும்படி மின்னும் சுண்ணாம்புப் பூச்சு. ஆத்தங்குடியில் கையாலேயே செய்த பூப்போட்ட தரைக் கற்கள்.

வாசலுக்கு மேலே கஜலட்சுமி வீற்றிருப்பாள். அந்தக் குடும்பம் எதை வேண்டியது என்பதை வாசலே சொல்லிவிடும்.

இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை! கூட்டுக் குடும்பம்தான், ஆனாலும் ஒவ்வொரு தம்பதிக்கும் சொந்தமாக ஓர் இடம் உண்டு.

குடிசையும் மாளிகையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும், அவற்றில் வாழ்ந்தவர்களுக்காகவே அமைந்தவை.

காலண்டர் செய்த புரட்சி

ஒரு காலத்தில் நல்ல ஓவியம் அரண்மனையில்தான் தொங்கும். 1894-ம் ஆண்டு ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவர் தீட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத் தாளில் அச்சாகி, சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். பிறகு சிவகாசி காலண்டர்கள் வந்தன. ஏழையின் சுவரிலும் வண்ணம் ஏறியது.

வருஷம் முடிந்த பிறகும் காலண்டர் படத்தைத் தூக்கி எறிய மனம் வராமல், கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் எத்தனையோ பேர்! அதுதான் ரசனை. பத்துப் படங்களில் ஒன்றைப் பிடித்துப்போய் எடுத்து வைத்தார்களே, அந்தத் தேர்வில்தான் அவர்கள் குணம் இருக்கிறது.

யாருக்காக இந்த அலங்காரம்?

இன்று நிலைமை என்ன? செல்போனில் யாருடைய வீட்டையோ பார்க்கிறோம். அதே கூரை, அதே விளக்கு, அதே சோபா நமக்கும் வேண்டும் என்கிறோம். கையில் பணம் இல்லையா? கடன் வாங்குகிறோம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் 4,000 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 48,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்! பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணம் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதோடு தீர்ந்ததா? அழுக்காகிவிடும் என்று குழந்தையை அந்தச் சோபாவில் உட்கார விடுவதில்லை. பாட்டியின் பழைய கட்டில் பார்வைக்கு நன்றாயில்லை என்று பின்கட்டுக்குப் போகிறது. கட்டிலோடு பாட்டியும் போகிறாள்!

இந்த வீடும் பேசத்தான் செய்கிறது. "இங்கே இருப்பவர்களைவிட வருகிறவர்கள்தான் எங்களுக்கு முக்கியம்" என்று சொல்கிறது.

செலவில்லாத வழிகள்

வீட்டை அழகாக வைத்துக்கொள்வது தவறல்ல, அவசியம். ஆனால் தொடங்குவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரையும் கேளுங்கள்.

நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவரைக் கேட்டு, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் பலகை அடியுங்கள். சிறிய அறைக்கு வெளிர் நிறம் பூசுங்கள். வெளிச்சம் கூடும், அறை பெரிதாகத் தெரியும். பெரியவர்களின் நாற்காலியை ஜன்னல் ஓரம் போடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சுவரைக் கொடுங்கள். அவர்கள் வரைந்ததை அங்கே ஒட்டட்டும்.

ஒரு பொருளை வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது யாருக்குப் பயன்படும்? இது நம்மில் யாருக்குப் பிடிக்கும்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பொருள் கடையிலேயே இருக்கட்டும்.

விருந்தாளி ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் நீங்கள். உங்கள் வீடு உங்களைப் போலவே இருக்கட்டும்!