இரண்டு ரூபாயும் ஒரு கடிதமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமம் வரை நடக்கும்போது, வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடலாமா என்ற எண்ணம் பலருக்கும் வந்திருக்கும். எங்களுக்கும் வந்ததுண்டு. மலையின் முன் அமர்ந்தால் அலுவலகம் மிகச் சிறியதாகிவிடுகிறது. சொல்லிக்கொண்டு கிளம்புவதுகூட அநாவசியம் என்று படுகிறது. அந்த எண்ணத்தோடுதான் எங்களுக்குப் பிணக்கு.

சொல்லாமல் போவதற்கு ரமணரையே சான்று காட்டுவோர் உண்டு. 1896 ஆகஸ்ட் 29 அன்று, மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டிலிருந்து 16 வயது வேங்கடராமன் எவரிடமும் விடைபெறாமல் புறப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் விட்டுச்சென்ற கடிதத்தை மறந்துவிடுகிறோம். அண்ணன் நாகசுவாமியின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்கென்று அவரிடம் இருந்தது 5 ரூபாய். வழிச்செலவுக்கு 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்தார். தந்தையைத் தேடிப் போவதாகவும், நல்ல காரியம் என்பதால் யாரும் வருந்தவோ தேடிப் பணம் செலவழிக்கவோ வேண்டாம் என்றும் எழுதியவர், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் குறித்தார். 'நான்' என்று தொடங்கி 'இது' என்று மாறும் அக்கடிதம், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோட்டுடன் முடிகிறது. தன் பெயரை விட்டவர் கணக்கை விடவில்லை.

அக்கடிதமும் முழுமையானதன்று. போகும் ஊர் அதில் இல்லை. இருக்குமிடம் தெரிந்து, 1898இல் பவழக்குன்றுக்கு வந்து மகனைத் திரும்ப அழைத்து அழுதார் அழகம்மாள். சொல்லாத ஒரு சொல்லின் விலையைப் பின்னால் நிற்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். துறவுக்கே இப்படியென்றால், வேறு சம்பளத்துக்காக வேலை மாறுகிறவர்களுக்கு என்ன சலுகை இருக்க முடியும்?

வேலையைத் துறந்து வருவதாகச் சொன்னவர்களை ரமணர் பொதுவாக ஊக்குவித்ததில்லை. 'நான் யார்?' என்ற நூலுக்கு மூலமான கேள்விகளை 1902இல் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை, அப்போது தென்னாற்காடு கலெக்டர் அலுவலக வருவாய்த் துறை ஊழியர்; அலுவல் நிமித்தமாகவே இவ்வூருக்கு வந்தவர்.

எங்கள் அலுவலகம் ஒன்றில், நண்பர் ஒருவர் சம்பளம் வாங்கிய மறுநாள் வராமல் நின்றுவிட்டார். பீரோச் சாவி அவரிடம் இருந்தது. பாதி முடிந்த கணக்கேடுகளை மூன்று வாரம் இரவு தங்கி முடித்தவர்கள், அவருக்கு அடுத்த மேசைக்காரர்கள். முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் தண்டித்ததாக நினைத்தது நிர்வாகத்தை. தண்டனை பெற்றது நாங்கள்.

இக்கடமை ஒருவழிப் பாதையுமன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947), 6 மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கீடான ஊதியமும், இன்றி நீக்கலாகாது என்கிறது. நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டுமே முன்னறிவிப்பில் விலக்கு. சீசன் முடிந்ததும் 'நாளை முதல் வரவேண்டாம்' என்று விடுதிப் பையனிடம் சொல்லும் முதலாளி, ஊழியர்களின் நன்றியின்மை பற்றிப் பேசத் தகுதியற்றவர். மறுபுறம், வேலை செய்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. நிர்வாகம் அதிகபட்சம் இழப்பீடு கோரலாம். அப்படியானால் அந்த முப்பது நாட்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நம் வாக்குதான்.

90 நாள் என்று ஆளைக் கட்டிப்போடும் நியமனக் கடிதங்களை நாங்கள் ஆதரிக்கவில்லை. அவமானப்படுத்தப்படும் இடத்திலிருந்து அன்றே எழுந்து போவதையும் குறை சொல்ல மாட்டோம். அப்போதும் ஒரு தாளில் நான்கு வரி எழுதலாம்: எதற்காகப் போகிறோம், எது முடியாமல் இருக்கிறது, சாவி எங்கே, கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு.

மலை எங்கும் போய்விடாது. ஒரு மாதம் கழித்துக் கணக்கை முடித்துவிட்டு வந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.