பள்ளிக்காக வாதாடிய வழக்கறிஞர்

ஆபிரகாம் லிங்கனை அறியாதார் நம்மிடையே இலர். அவர் காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் அடிமை முறையை விடாது எதிர்த்த தாடியஸ் ஸ்டீவன்ஸை அறிந்தாரோ மிகச் சிலர். இத்திங்கள் அவரைப் பற்றி எழுத விழைந்தோம்.

அவர் 1792-இல் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு பாதம் கோணலாகப் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் சாரா தனியே உழைத்து நான்கு ஆண்மக்களை வளர்த்ததோடு, அவர்தம் படிப்பை முன்னிட்டுப் பள்ளியுள்ள பீச்சம் என்னும் ஊருக்கும் குடிபெயர்ந்தார். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அத்தாயின் உள்ளத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஸ்டீவன்ஸ் 1816 முதல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் நகரில் வக்கீலாக விளங்கினார். 1821-இல், விடுதலை கோரிய சாரிட்டி பட்லர் என்னும் நீக்ரோப் பெண்ணுக்கு எதிராக எஜமானர் தரப்பில் வாதாடி வென்றார். இதை மறைத்து அவரைப் புகழ நாம் விரும்பவில்லை. பின்னாளில் அடிமைகளுக்காகக் கூலி பெறாமலே வாதாடினார்.

ஆயினும் நம் உள்ளத்தைக் கவர்வது 1835-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. அம்மாநிலத்தில் முன்னர் இலவசக் கல்வி வேண்டுவோர் தம்மைப் பரம ஏழையர் என்று பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. சம்பளச் சலுகைக்காகச் சான்றிதழ் ஏந்தி நின்ற தந்தையர் இதன் கசப்பை அறிவர். 1834-இல் வந்த சட்டமோ எல்லார்க்கும் பொதுவான பள்ளிகளை வரிப்பணத்தில் நிறுவ வழிசெய்தது. வரிக்கு அஞ்சியோர் கூக்குரலிட, மறு ஆண்டே மேல்சபை அதனை நீக்க முடிவுசெய்தது. கீழ்ச்சபையில் ஸ்டீவன்ஸ் எழுந்தார். பிள்ளையில்லாதவன் பள்ளிக்கு ஏன் வரி தரவேண்டும் என்கிறீர்களே, குற்றவாளியைத் தண்டிக்க மனமுவந்து வரி தருபவன், ஒருவன் குற்றவாளியாகாமல் தடுக்கும் பள்ளிக்குத் தர மறுப்பதேன் என்று வினவினார். அவருக்கோ மனைவியுமில்லை, மக்களுமில்லை! சட்டம் பிழைத்தது.

1849-இல் காங்கிரஸ் புகுந்தார். உள்நாட்டுப் போரின்போது நிதிக் குழுவின் தலைவராக இருந்தார். 1863-இல் தென்னாட்டுப் படை அவருடைய இரும்பாலையை எரித்தது. மக்கள் அனைவர்க்கும் சட்டத்தின் சமபாதுகாப்பு அளிக்கும் பதினான்காம் திருத்தத்திற்காக அயராது பாடுபட்டார். 1868-இல் குடியரசுத் தலைவர் ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சி ஒரே வாக்கில் தோற்றது. நடக்கவியலாத ஸ்டீவன்ஸை அந்நாட்களில் நாற்காலியில் வைத்தே சபைக்குச் சுமந்து வந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். நிறவேற்றுமை பாராத சிறு இடுகாடொன்றையே லங்காஸ்டர் நகரில் தமக்கெனத் தேர்ந்திருந்தார். அநாதைச் சிறுவர்க்கென உயிலில் அவர் விட்ட பொருளால் எழுந்த பள்ளி, இன்று அந்நகரில் தொழில்நுட்பக் கல்லூரியாக நடைபெறுகிறது.