பலகையில் உள்ளது சட்டியில் உண்டா?

உணவுச்சாலைக்குக் குடும்பத்தோடு செல்வது நம்மவரிற் பலர்க்கு அன்றாட வழக்கமன்று. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததென்றோ, வெளியூர் உறவினர் வந்தாரென்றோ ஆண்டிற் சில நாட்களே செல்கிறோம். அந்தச் சில நாட்களிலும், சுவரிலே தொங்கும் பட்டியலைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்து ஒன்றைக் கேட்க, பரிசாரகர் "அது இன்றைக்கு இல்லை" என்கிறார். மற்றொன்றைக் கேட்டால் அதுவும் இல்லை. நாற்பது பண்டங்களை எழுதிவைத்துப் பன்னிரண்டை மட்டும் சமைக்கும் கடைக்கு அந்தப் பட்டியல் எதற்கு?

நமது வாவிக்கரையில் இக்கேள்விக்குத் தனிப் பொருளுண்டு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி ஆண்டு முழுவதும் ஒரே முகம் காட்டுவதில்லை. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றும் மாரிமழையும் சேர்ந்து கடல் கொந்தளிக்கிறது, தோணிகள் கரையேறிக் கிடக்கின்றன, கடல்மீன் அருகிவிடுகிறது. அதே மழையில் வாவி நிறைந்து நீரின் உப்புக் குறைகிறது. முகத்துவாரத்து மணற்றிட்டும் உடைபடுகிறது. அப்போது வாவி மீனையும் இறாலையும் நம்பியே அடுப்பு எரியவேண்டும். மாசி பங்குனியிற் படுவான்கரை வயல்களின் புதுநெல் வீடு சேர்கிறது. சித்திரைக்குப் பின் கடல் அடங்க, கடல்மீன் மீண்டும் மலிகிறது. இத்தனையும் மாறப் பட்டியல் மட்டும் மாறாது நிற்பதெப்படி? அடைமழை நாளிலும் "புதிய பாரைமீன் பொரியல்" என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது கிடையாது. கிடைத்தாலோ, பனிக்கட்டியிற் பலநாள் துயின்ற மீனாகவே இருக்கும்.

நண்டின் கதையும் இவ்வாறே. பெரிய சேற்று நண்டுகள் ஏற்றுமதியாகிச் சிங்கப்பூர் வரை போய்விடுகின்றன. எஞ்சிய சிறு நண்டைச் சமைப்பதில் இழிவில்லை. சாறுக்கு அதுவே நன்று என்பேன். ஆயினும் அதனைச் சிறு நண்டென்றே எழுதி, அதற்கேற்ற விலையைப் போடவேண்டும். கொழும்புக் கோட்டையிற் பழைய ஒல்லாந்த வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' என்னும் உணவகம், நண்டுகளை எடைவாரியாகப் பிரித்தே விற்கிறது. உறையவைத்த மீனையும் நண்டையும் ஆளுவதில்லை என்பதையே தன் பெருமையாகக் கூறுகிறது. செல்வர் செல்லும் இடந்தான். எனினும் அந்த நேர்மைக்குச் செல்வம் வேண்டியதில்லை.

இனி விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயுவின் கொழும்பு விலை அவ்வாண்டு ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. அக்காலத்திற் பட்டியலின் இலக்கங்களை அடிக்கடி மாற்றிய கடைக்காரரை யார் குறைகூறுவர்? அதே எரிவாயு 2023 யூலையில் 2,982 ரூபாவுக்கு இறங்கியது. ஏறும்போது விரைந்த கை இறங்கும்போதும் விரைந்ததா என்பதே என் வினா. எரிவாயு ஒன்றே செலவன்று என்பர், உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு நாள் குறிக்கவேண்டாமா?

அச்சடித்த பட்டியலை மாற்றப் பணம் செலவாகும் என்பது மற்றொரு சமாதானம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் வெண்கட்டியும் போதுமே! காலையிற் சந்தைக்குப் போய் வந்தவர் கையோடு எழுதிவிடலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்கு மாமாங்கேஸ்வரம் வரும் அடியார்க்கு மரக்கறிச் சாப்பாட்டை முதலில் எழுதலாம். நோன்பு மாதத்தில் காத்தான்குடிக் கடைகள் மாலைக் கஞ்சியை எழுதலாம். ஒருமாதமாக எவரும் கேளாத பண்டத்தைத் துடைத்துவிடலாம்.

விலைகளை வாடிக்கையாளர் காண வைக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே பணிக்கிறது. அந்தப் பலகையைக் காசாளரின் முதுகுக்குப் பின்னால் மாட்டாமல், வீதியில் நின்றே வாசிக்கத்தக்க இடத்தில் வையுங்கள். உள்ளே நுழைவதா, வீட்டுக்குத் திரும்பிப் பிட்டு அவிப்பதா என்று குடும்பத்தலைவி வாசலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்வாள்.