பாம்பை அறிவோம், உயிரைக் காப்போம்

பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வயலிலும் தறிக்குழியிலும் உழைக்கும் அங்கத்தினர்களின் அச்சம் இயல்பானதே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். எனினும், அச்சம் அறிவாகாது. நஞ்சில்லாத சாரையை நல்லபாம்பென்று எண்ணி அடித்துக் கொன்றால், எலிகளுக்கு நம் களஞ்சியத்தை நாமே திறந்து விட்டவர்களாவோம்.

நம் நாட்டில் மிகுதியாக உயிர் குடிப்பவை நான்கு பாம்புகளே. நல்லபாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் உடையது, முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைப் புள்ளிகள் இருக்கும், உரக்கச் சீறும். சுருட்டை விரியன் சிறியது. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி அரம் போன்ற ஓசை எழுப்பும். கட்டுவிரியன் பளபளக்கும் கருநிறத்தது. அதன் வெண்பட்டைகள் பெரும்பாலும் வாலை நோக்கித் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். இதைப் போலவே தோன்றும் வெள்ளிக்கோல் வரையனோ நஞ்சற்றது. அதன் பட்டைகள் முன்பக்கம் தெளிந்து வாலருகே மங்கும். சாரைக்குப் படமில்லை, கண் பெரிது, உதட்டோரம் கருங்கோடுகள் காணப்படும்.

இவ்வடையாளங்கள் எட்ட நின்று பார்ப்பதற்கே உரியவை. கடிபட்டபின் பாம்பைத் தேடுவதும், அடித்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும் வீண் வேலை. இரண்டாம் கடிக்கும் வழியாகும். இங்கு வழங்கும் விஷமுறிவு மருந்து அந்நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. மருத்துவர் நோயாளியின் உடற்குறிகளைக் கண்டே சிகிச்சை செய்கிறார். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதும் இராது; அதனால் காலம் கடத்தி இறந்தோர் பலர். கீறுதல், இறுகக் கட்டுதல், மந்திரித்தல் ஆகியவற்றை விடுத்து, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனை சேர்வதே நெறி.

அம்மருந்து பிறப்பதற்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் துணை நிற்பது நமக்குப் பெருமை. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார், பாம்பைக் கொல்லாது பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். தோலுக்காகப் பாம்பைக் கொன்று விற்ற தொழில் சட்டத்தால் நின்றபின், அவர்தம் பரம்பரை அறிவே பிழைப்பாயிற்று. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நாம் வேண்டுவது இதுவே: ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் இந்நான்கின் படங்கள் தொங்கட்டும். அவற்றின்கீழ், விஷமுறிவு மருந்துள்ள அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் 108 என்ற எண்ணும் பெரிதாக எழுதப்படட்டும். செலவு சிறிது, காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் உயிர்நாடி. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்குவீர்களாக.