இல்லத் தோட்டம்: நுனி கிள்ளும் அன்பு



கன்னங்களை இரு விரல்களால் மெல்ல அழுத்தினால் வாய் திறந்து, விட்டதும் மூடிக்கொள்ளும் மலர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதனை ஸ்னாப்டிராகன் என்பர். விதைக் கடைகளில் ஆன்டிரினம் என்று கேட்டாலும் தருவர். மூக்கைப் போன்றது என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். ஸ்பெயின், தென் பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் பாறை இடுக்குகளிலும் பழஞ்சுவர்களிலும் தானாகவே வளரும் செடி இது. மூடிய அதன் வாயைத் திறந்து தேனருந்தும் வலிமை பருத்த உடல்கொண்ட தேனீக்களுக்கே உண்டு.

பாறையிடுக்கில் பிழைக்கும் இச்செடி நம் வீட்டுத் தோட்டத்தில் மடிந்துபோவது ஏன்? நீரும் உரமும் குறைந்ததால் அன்று. பெரும்பாலும் நமது பரிவு மிகுந்துவிடுவதால்தான்.

முதற்பிழை விதைக்கும்போதே நேர்கிறது. ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 6,000 விதைகள் அடங்கும், அத்துணை நுண்ணியவை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவற்றை மண்ணால் மூடிவிடுகிறோம். இவ்விதை முளைப்பதற்கு வெளிச்சம் தேவை. ஆகவே செம்மண், மணல், நன்கு மக்கிய இலையுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து அகன்ற மண்சட்டியில் நிரப்புங்கள். விதையைச் சிறிதளவு மணலுடன் கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் இலேசாக அழுத்தினால் போதும். இரு வாரங்களுக்குள் முளைகள் தோன்றும்.

இரண்டாம் பிழை நீர் ஊற்றுவதில். முதல் ஆண்டு அடியேனும் நாள்தோறும் மும்முறை பூவாளியை ஏந்திச் சென்றேன். நான்காம் நாள் காலையில் நாற்றுகள் அனைத்தும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கும்போது மட்டுமே நீர் தேவை. சட்டியை நீருள்ள தட்டில் சிறிது நேரம் வைத்து, கீழிருந்து ஈரம் ஏறச் செய்வது மேலும் நன்று. வளர்ந்த செடிக்கும் வேரடியிலேயே ஊற்றவேண்டும். இலைகள் நனைந்தே இருந்தால் துருநோய் பற்றும்; இலையின் அடிப்புறத்தில் பழுப்புநிறக் கொப்புளங்கள் எழும். அத்தகைய செடியை உடனே பிடுங்கி அகற்றிவிடுக.

மூன்றாம் பிழையே பெரும்பிழை. நாற்று ஒரு விரல் நீளம் வளர்ந்து, மூன்று அல்லது நான்கு இணை இலைகள் விட்டதும், அதன் நுனியைக் கிள்ளவேண்டும். மனம் வருகிறதா? எத்தனை நாள் காத்து வளர்த்தது! ஆனால் கிள்ளாத செடி பெரும்பாலும் ஒற்றைத் தண்டாய் ஓங்கி, ஒரே கதிராய்ப் பூத்து ஓய்ந்துவிடும். கிள்ளிய செடியோ இரண்டு மூன்று வாரம் தாமதித்தாலும், பக்கக்கிளைகள் பல விட்டு, கிளைக்கொரு கதிராய்ப் பூக்கும். கனிதரும் கிளையைக் கழித்துவிடுவது பற்றி நம் ஆண்டவர் மொழிந்ததை யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். வாசிப்பது எளிது; கிள்ளுவதுதான் கடினம்.

சமவெளியில் வாழ்வோர் அக்டோபரில் விதைக்கலாம். நாற்றுகளை ஓரடி இடைவெளியில், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தில் நடுக. உயர்ந்து வளரும் இனங்களுக்குக் குச்சி நட்டுக் கட்டுக. சனவரி இறுதி முதல் மார்ச் வரை மலர்கள் கிடைக்கும். கோடை வெப்பத்தை இச்செடி தாங்காது. பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவுக்குப் பீடத்தை அணிசெய்ய இம்மலர் ஏற்றது. தவக்காலத்தில் பீடத்தில் மலர் வைப்பதில்லை எனினும், மார்ச் 19இல் வரும் தூய சூசையப்பர் பெருவிழாவுக்கு அத்தடையில்லை.

கதிரின் அடிப்பகுதியில் மூன்றிலொரு பங்கு மலர்ந்ததும் காலையில் கொய்க. கொய்த கதிர்களைக் கிடத்தி வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், நிமிர்த்தியே வையுங்கள். கனிந்த பழத்தட்டின் அருகிலும் வேண்டாம். பழங்களிலிருந்து வெளிப்படும் வாயுவினால் பூக்கள் விரைவில் உதிர்ந்துவிடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். வெளிச்சம் படாமல் மூடி வைப்பதும், கேட்குமுன்பே அனைத்தையும் ஊற்றுவதும், கண்டிக்கவேண்டிய வேளையில் கை நடுங்குவதும் செடியிடத்தில் மட்டுமா நிகழ்கின்றன? கண்டிப்பு என்று சொல்லிக் கொடியவராகவும் வேண்டாம். நுனியைக் கிள்ளுவதற்கு இரு விரல் நகங்களே போதும், அரிவாள் தேவையில்லை. அதுவும் நாற்று இளமையாயிருக்கும்போது, ஒரே ஒருமுறை.

வரும் அக்டோபரில் ஒரு சட்டியேனும் விதைத்துப் பாருங்கள். நுனி கிள்ளும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தாங்கள் கிள்ளிய செடி கிளைத்துப் பூப்பதை அவர்களே கண்டுகொள்ளட்டும்.