நாற்பது சதவீதம் என்னும் எல்லை

கடலில் மூழ்குவோர் முதுகிற் சுமந்து செல்லும் உருளையில் இருப்பது பிராணவாயு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. உண்மையில் அதில் அடைக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. ஆனால் சென்ற சில பத்தாண்டுகளாக, காற்றில் இயல்பாக உள்ள 21 சதவீதப் பிராணவாயுவை 32 அல்லது 36 சதவீதமாக உயர்த்தி, அக்கலவையைச் சுவாசித்து மூழ்கும் வழக்கம் பரவி வருகிறது. நைட்ரஜன் குறைவதால், மூழ்கியவர் மேலே வரும்போது இரத்தத்தில் குமிழிகள் தோன்றி விளையும் நோய்க்கு இடம் குறைகிறது. நீரடியில் தங்கும் நேரமும் கூடுகிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம் 1970-களில் தன் ஆராய்ச்சியாளர்களுக்காக இம்முறையை வகுத்தது. இன்று அது உல்லாசப் பயணிகளின் மூழ்கு பயிற்சியிலும் ஒரு பாடம்.

மும்பைக் கடல் கலங்கியது, மூழ்குவதற்கு உகந்ததன்று. இந்நகரத்தார் மாலவனை அடுத்த தார்க்கர்லிக்கோ, அந்தமானுக்கோ, இலட்சத்தீவுக்கோ செல்கின்றனர். அவர்கள் கையாளும் கருவிகளுள் முக்கியமானது ரெகுலேட்டர். உருளையில் 200 பார் அழுத்தத்தில் உள்ள வாயுவை முதற்கட்டத்தில் சுமார் 10 பாருக்குக் குறைத்து, வாயருகே உள்ள இரண்டாம் கட்டத்தில் சுவாசிக்கத்தக்க அளவுக்குக் கொணர்வது இக்கருவி. இதனோடு வரும் குறிப்புப் புத்தகங்களில் ஒரு வாக்கியம் தவறாது காணப்படும்: 40 சதவீதம் வரை பிராணவாயு உள்ள கலவைக்கு இதை உபயோகிக்கலாம் என்பதே அது. இந்த வாக்கியம் தமிழில் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளனாகிய என் தொழிலைச் சார்ந்த கேள்வி. எனினும் அது மொழிக் கேள்வி மட்டுமன்று.

பிராணவாயு மிகுந்த கலவையில் இருவகை அபாயங்கள் உள்ளன. ஒன்று உடலைத் தாக்குவது. அழுத்தம் மிக்க பிராணவாயு மூளையைப் பாதித்து வலிப்பை உண்டாக்கும் என்பதை பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதினார். 32 சதவீதக் கலவையுடன் ஏறக்குறைய 33 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது என்ற வரம்பு இதனால் ஏற்பட்டது. பயிற்சி பெறுவோர் அனைவரும் இதை மனனம் செய்கின்றனர். மற்றோர் அபாயம் கருவியினுள் தீப்பற்றுவது. பயிற்சியில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது.

வெளியிலிருந்து தீப்பொறி எதுவும் படாமல் உலோகக் கருவிக்குள் தீ எங்ஙனம் தோன்றும்? ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். சைக்கிள் பம்பின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து நான்கைந்து முறை வேகமாக அழுத்தினால் குழாயின் அடிப்பகுதி சுடும். வாயுவைச் சட்டென்று நெருக்கினால் அதன் உஷ்ணநிலை உயர்கிறது. டீசல் எஞ்சினில் பொறியின்றி எண்ணெய் பற்றுவதும் இதனாலேயே. உருளையின் வால்வை ஒரே திருப்பில் திறக்கும்போது ரெகுலேட்டரின் குறுகிய அறையில் இருந்த காற்று 1 பாரிலிருந்து 200 பாருக்கு நொடியின் ஒரு சிறு பகுதியில் நெருக்கப்படுகிறது. 27 டிகிரி சென்டிகிரேடில் தொடங்கினால், வெப்பம் சிறிதும் வெளியேறாது எனக் கொண்டு கணக்கிட்டால், 1,090 டிகிரி அளவுக்கு வருகிறது. உலோகச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதால் உண்மையில் அவ்வளவு எட்டாது. ஆயின் ரப்பர் வளையமோ நைலான் துண்டோ தீப்பற்ற அதில் பாதி கூடத் தேவையில்லை.

அடுப்பு மூட்டுவோர் அறிந்த முறைதான் பின் நிகழ்வது. முதலில் சுள்ளி, பிறகு விறகு. எண்ணெய்ப் படலமோ நுண்ணிய தூசியோ முதலிற் பற்றுகிறது. அதன் சூட்டில் ரப்பர் வளையம் பற்றுகிறது. அதன் சூட்டில் பிளாஸ்டிக் இருக்கை, கடைசியில் உலோகம். இரும்பு எரியும் என்பதை மும்பை தாருகானாவில் கப்பல் உடைக்கும் தொழிலாளிக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தகட்டைச் சிவக்கக் காய்ச்சிப் பிராணவாயுவைப் பீய்ச்சி, இரும்பையே எரித்துத்தான் அவர் அதை வெட்டுகிறார். அலுமினியமும் டைட்டேனியமும் இரும்பைவிட ஆர்வத்துடன் எரிவன. அலுமினியத்தால் ஆன மருத்துவப் பிராணவாயு ரெகுலேட்டர்கள் தீப்பற்றி வெடித்ததன் பேரில் அமெரிக்க அரசு நிறுவனங்கள் 1999-இல் எச்சரிக்கை விடுத்துப் பித்தளையைப் பரிந்துரைத்தன. பித்தளை எளிதில் எரிவதில்லை.

இனி அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையின் 1977-ஆம் ஆண்டு மூழ்குபணி விதிகளில், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட கலவைக்கான கருவிகள் பிராணவாயுவுக்கென வடிவமைக்கப்பட்டுத் துப்புரவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று காணப்படுகிறது. அதற்குக் கீழ்ப்பட்டவை சாதாரணக் காற்றுக்கு ஒப்பானவை என்பது இதிலிருந்து வருவித்துக்கொண்ட பொருள். ஆனால் அதே துறை, அடைபட்ட இடங்களில் வேலை செய்வது பற்றி 1993-இல் வகுத்த விதியில், 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அது பிராணவாயு மிகுந்த சூழல் என்கிறது. ஐரோப்பிய தரவிதியோ 22 சதவீதத்துக்கு மேற்பட்ட கலவைக்கு 26 மில்லிமீட்டர் தனி மரையுள்ள இணைப்பை விதித்து, காற்று உருளையில் அந்த ரெகுலேட்டரைப் பூட்டவே இயலாதவாறு செய்துவிட்டது. ஆகவே 40 என்பது நீரின் கொதிநிலை போல இயற்கை வகுத்த எல்லையன்று. நிர்வாக வசதிக்காக மனிதர் வரைந்த கோடு.

விழுக்காட்டை மட்டும் நோக்குவதும் மயக்கந் தரும். 200 பார் அழுத்தத்தில் சாதாரணக் காற்றிலேயே பிராணவாயுவின் பங்கு 42 பார். 40 சதவீதக் கலவையில் 80 பார். நைட்ரஜன் உடனிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அபாயம் தணிகிறது என்பது உண்மையே, முற்றும் நீங்குவதில்லை. மேலும், கலவை தயாரிக்கும் முறைகளில் ஒன்று, காலி உருளையில் முதலில் தூய பிராணவாயுவைச் செலுத்தி, பின்னர் காற்றால் நிரப்புவது. மூழ்குபவர் சுவாசிப்பது 32 சதவீதமே என்றாலும், அந்த உருளையும் அதன் வால்வும் நிரப்பும்போது 100 சதவீதத்தைச் சந்திக்கின்றன. மேலே சேர்க்கும் காற்று எண்ணெயிட்ட கம்ப்ரெசரிலிருந்து வருமாயின், வடிகட்டி பழுதுற்ற நாளில் எண்ணெயாவியும் கூடவே வந்து படியும். துப்புரவாக வாங்கிய ரெகுலேட்டரை இடையில் ஒரு நாள் சாதாரணக் காற்று உருளையில் பூட்டினாலும் இந்நிலையே. வளையங்களுக்குப் பூசும் சிலிக்கோன் கிரீஸ் காற்றுக்குச் சரி. தூய பிராணவாயுவில் அதுவும் எரிபொருள். அங்கே ஃப்ளூரின் சேர்ந்த தனிவகைக் கிரீஸே வேண்டும்.

ஆங்கில ஏடுகளில் இதற்கு மூன்று வெவ்வேறு தொடர்கள் உண்டு. கருவி செய்யப்பட்ட பொருள் பிராணவாயுவைத் தாங்குமா என்பது ஒன்று. கருவி இப்போது எண்ணெயும் தூசியுமின்றி உள்ளதா என்பது மற்றொன்று. வடிவமைப்பு உட்பட எல்லாம் சேர்ந்து அப்பணிக்குத் தகுதியா என்பது மூன்றாவது. அண்மையில் என் மேசைக்குச் சரிபார்க்க வந்த ஒரு வரைவில் மூன்றும் ஒரே சொல்லாகியிருந்தன: ‘பாதுகாப்பானது’. படிக்கச் சுவையான தமிழ்தான். ஆனால் பித்தளை உடல் என்றும் பித்தளை. துப்புரவோ ஒரே விரற்பதிவில் போய்விடும். நிலையான குணத்தையும் நிலையற்ற நிலையையும் ஒரே சொல்லில் அடக்கினால், படிப்பவர் இரண்டையும் நிலையானவையாகவே கொள்வார். ‘பிராணவாயு தாங்கும் பொருள்’, ‘பிராணவாயுத் துப்புரவு’, ‘பிராணவாயுப் பணித் தகுதி’ என மூன்றாகப் பிரிப்பதே நேர்மை. கரடுமுரடாக இருக்கின்றன என்று சிலர் சொல்லக்கூடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மூழ்குவோர் சிலருக்காக இத்தனை கவலையா என்று களப்பணியாளர் வினவலாம். இதே உருளை, இதே வால்வு, இதே ரெகுலேட்டர் தத்துவம் வெல்டிங் பட்டறையிலும் மருத்துவமனையிலும் உண்டு. 2021-இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது நைட்ரஜன், ஆர்கான் உருளைகளைப் பிராணவாயுவுக்கு மாற்ற நம் அரசு வழிசெய்தபோது, துப்புரவு என்ற சொல்லின் பொருள் எத்தனை கைகளைச் சார்ந்தது என்பதை அறிந்தோம். தாராவியில் ஒரு சிறு பட்டறையில், இறுகிப்போன வால்வுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடத் தகர டப்பாவுடன் வந்த பையனை மூத்த தொழிலாளி கையைத் தட்டி விலக்கியதைக் கண்டேன். உருளையில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில். அந்தப் பெரியவர் கற்றது சீட்டிலிருந்தன்று, தம் குருவிடமிருந்து. குரு வாய்க்காத பையனின் கதி என்ன? 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் வால்விலும் இணைப்புகளிலும் எண்ணெய் இடுவதைத் தடைசெய்கின்றன. 1933-இல் தொடங்கப்பட்ட இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் மாதுங்காவில் இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் நன்கறிந்த ஒன்று, சில மைல் தொலைவிலுள்ள தாராவிச் சந்துக்குள் தமிழிலோ இந்தியிலோ எழுத்தாகச் சென்று சேரவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 40 சதவீத வழக்கத்தைக் கைக்கொண்டு பல்லாண்டுகளாக எண்ணற்றோர் தீங்கின்றி மூழ்கி வந்துள்ளனர். கடும் விதிகள் செலவைக் கூட்டும். தனி மரை இருந்தால் இணைப்பான்களை மாட்டி ஏய்ப்பார்கள் என்கின்றனர். இதில் நியாயம் உண்டு. 40 சதவீதத்தை ஒழிக்க வேண்டுமென நான் கூறவில்லை. அந்த எண் தனியாக நிற்கலாகாது என்பதே என் கருத்து. ‘உற்பத்தியாளர் இக்கருவிக்கு இசைந்திருந்தால், துப்புரவு கெடாதிருந்தால், நிரப்பிய காற்று எண்ணெயற்றதாயின்’ என்ற மூன்று நிபந்தனைகளும் அதே வாக்கியத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் ஒரு சிறு அட்டை: துப்புரவு செய்த தேதி, செய்தவர் கையொப்பம், அதன்பின் சாதாரணக் காற்றில் பூட்டப்பட்டதா என ஒரு கட்டம். மும்பையில் அது மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பிராணவாயு தயாரிக்கும் பாடத்தில் தணற்குச்சியுடன் நில்லாமல், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னின்று இரும்புப் பஞ்சை அவ்வாயுவில் எரித்துக் காட்டுவார்களாயின், அட்டையின் பொருள் மாணவருக்கு விளங்கும். அட்டையின் பின்புறம் மூன்றே வரிகள் போதும்: எண்ணெய்க் கையால் தொடாதே. பக்கவாட்டில் நின்று திற. வால்வை மெதுவாகத் திருப்பு.