யந்திரத்தின் மூச்சு

அக்கினித் தலமாகிய திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு வாயு பகவானைப் பற்றி எழுதப் புகுந்தால், நமக்கு ஊர் மறந்துவிட்டதோ என்று வாசகர்கள் சந்தேகிக்கலாம். ஆனால் கிரிவலப் பாதையில் அக்கினி லிங்கமும் உண்டு, வாயு லிங்கமும் உண்டு. காற்று இல்லாமல் நெருப்பு இல்லை என்பது அடுப்பங்கரையில் ஊதுகுழல் பிடித்த பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். மோட்டார் வண்டிக்கும் அதே சாஸ்திரந்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிந்து முடிய 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். ஆகையால் அதைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிறோம். காற்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆகையால் அதை யாரும் நினைப்பதே இல்லை.

நம்மை நினைக்க வைத்தவன், முன்பு நம்மிடம் பௌதிகம் படித்த ஒரு பையன். அவனுடைய தகப்பனார் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கார்பரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800 கார் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. கடைக்குச் சரக்கு எடுக்கவும், குடும்பத்தோடு கல்யாணம் கார்த்திகைக்குப் போகவும் அந்த ஒரே வண்டிதான். ஒரு சனிக்கிழமை மாலை அது தெருவே அதிரும்படி உறுமிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. பையன் பெருமையுடன் பானெட்டைத் திறந்து காட்டினான். கம்பெனியார் வைத்திருந்த கறுப்புக் காற்றுப் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் இரண்டரை அங்குலத் தண்ணீர்க் குழாய் ஒன்று; அதில் ஒரு முழங்கை வளைவு; அதன் வாயில் கொசுவலைத் துணி சுற்றிய தேநீர் வடிகட்டி!

“வண்டி இப்போது பறக்கிறது, ஸார்! இத்தனை நாளும் அதன் மூக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள்” என்றான் பையன்.

பின்னாலேயே இறங்கி வந்த தகப்பனார், “இவன் அம்மா இரண்டு நாளாக வடிகட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், ஸார். இதைப் பிடுங்கித் தெருவில் எறியட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

நமக்குத் தர்மசங்கடமாய்ப் போயிற்று. எறியச் சொன்னால், பையன் இனி ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டான். ‘சபாஷ்’ என்று சொன்னாலோ, யந்திரம் நாளடைவில் கெட்டுப்போகும். பாயில் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயைக்கூடக் கையில் கொடுக்காமல் பிள்ளைகளைத் தேர்ச்சி பெறச் செய்வது நம் பள்ளிக்கூடங்களின் வழக்கம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. ஆகவே, “எறியவும் வேண்டாம், மெச்சவும் வேண்டாம், அளந்து பார்ப்போம்” என்றோம்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘யு’ மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி, மஞ்சள் கரைத்த நீரைப் பாதிவரை ஊற்றினோம். ஒரு முனையை, காற்று வடிகட்டியைத் தாண்டியதும் யந்திரத்துக்குள் போகும் வழியில் இணைத்தோம். மறுமுனை திறந்திருந்தது. யந்திரம் சிரமப்பட்டு மூச்சிழுக்கும் அளவுக்கு இருபுறமும் நீர்மட்டம் வித்தியாசப்படும். மூன்று சிலிண்டர்களும் மாறி மாறி இழுப்பதால் நீர் துள்ளும். குழாய்க்குள் ஒரு பஞ்சுத் துணுக்கை வைத்ததும் அடங்கியது. வாயு மண்டலத்தின் அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. உயரமுள்ள நீரின் பாரத்துக்குச் சமம். எனவே நீரில் ஒரு செண்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

மறுநாள் அதிகாலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச் சாலைக்குப் போனோம். தகப்பனார் ஓட்டினார், பையன் பின்னாசனத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு அளவைச் சொன்னான், நாம் எழுதிக்கொண்டோம். ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தி மூன்று தடவை ஏறினோம். முதலில் பழைய பெட்டியும் பழைய வடிகட்டியும்: 31 செ.மீ. அடுத்து, அதே பெட்டியில் கடையில் வாங்கிய புதுக் காகித வடிகட்டி: 14 செ.மீ. கடைசியாகப் பையனுடைய குழாய்: 4 செ.மீ.

பையன் முகம் மலர்ந்தது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் சற்றே வாடியது. மூச்சுத் திணறலில் பெரும்பங்கைப் போக்கியது புது வடிகட்டி. பழையது தூசி அடைத்துக் கிடந்திருக்கிறது. அதற்குமேல் குழாய் சம்பாதித்துக் கொடுத்தது 10 செ.மீ., அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. மீதிப் ‘பறத்தல்’ எங்கிருந்து வந்தது? காதிலிருந்துதான். உறிஞ்சும் ஓசையை அடக்குவதும் அந்தக் கறுப்புப் பெட்டியின் வேலை. அதை எடுத்துவிட்டால் யந்திரம் உறுமும். உறுமினால் வேகமாய்ப் போவது போலத் தோன்றும். மேளம் பலமாகக் கொட்டினால் ஊர்வலம் விரைந்து போகிறது என்று அர்த்தமா?

வருமானம் நூற்றுக்கு ஒன்று, செலவு என்ன? கம்பி நுனி கொண்ட வெப்பமானியைக் குழாய் வாயருகே கட்டியிருந்தோம். வெளியில் 33 டிகிரி; பானெட்டுக்குள் 62 டிகிரி. உஷ்ணம் ஏறினால் காற்று விரிந்து இளைத்துப்போகும். இந்த இரண்டு உஷ்ண நிலைகளுக்கும் இடையே, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் எடை நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைகிறது. கம்பெனிப் பெட்டியோ யந்திரத்தின் சூட்டுக்கு விலகி, வெளிக்காற்றை வாங்கும்படி அமைந்தது.

“அப்படியானால் குழாயை முன்பக்கம் நீட்டி எதிர்காற்றை வாங்கினால்?” என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. அதையும் கணக்கிட்டோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று தரும் அழுத்தம் 3 செ.மீ. நீர்தான், ஆயிரத்தில் மூன்று பங்கு. அதற்காக வாயைத் தாழ்வாக வைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றைப்போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து அந்த வடிகட்டியில் இருந்தது. தேயிலைத் தூளைத் தடுப்பது கல்தூசியைத் தடுக்காது. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவுவது, தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று அளவுள்ள பொடி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர் நடக்கும் ஊர் இது, தூசிக்குப் பஞ்சமில்லை. அந்தத் தண்ணீர்க் குழாயும் கொதிநீரின் சூட்டை எட்டுமுன்பே இளகிவிடும் சாமானால் ஆனது.

இதெல்லாம் நம் நாட்டார் அறியாத வித்தையா? இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், நம் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வண்டியோடு கட்டிய உலையில் மரக்கரியைக் கனலவிட்டு, அந்த வாயுவை யந்திரத்துக்கு ஊட்டினார்கள். ஆனால் அதை நேரே ஊட்டவில்லை. முதலில் குளிர வைத்தார்கள். பிறகு புகைக்கரியும் சாம்பலும் போக வடிகட்டினார்கள். குளிர்ந்த மூச்சு, சுத்தமான மூச்சு என்ற இரண்டு விதிகளும் அன்றே நம்மவர் கைக்கு வந்தவை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர். அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், 1980-களின் பிற்பகுதியில் இந்த மாருதி 800 யந்திரத்தை வைத்தே பந்தயக் கார்கள் கட்டினார். ஆனால் பந்தயத் திடல் வேறு, பொதுச் சாலை வேறு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது.

ஏற்றத்தின் கீழே, புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பழைய பெட்டியைப் புது வடிகட்டியோடு மாட்டினான் பையன். “கடைசியில் லாபமா, நஷ்டமா?” என்று கேட்டார் தகப்பனார்.

“நஷ்டந்தான், அப்பா. ஒன்று வந்தது, ஒன்பது போயிற்று” என்று அவனே சொன்னான். குரலில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை.

தகப்பனார் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில் ஒரு மூலையை ஒழித்து, பையனுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். மஞ்சள் நீர்ப் பலகை அங்கே சுவரில் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் தேநீர் வடிகட்டி. அதைத் திரும்ப அடுப்பங்கரையில் சேர்க்க அம்மாள் சம்மதிக்கவில்லையாம். கடையின் குளிர்பெட்டி ஏன் இவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பார்க்க, அதன் முதுகுப்புறக் காற்றின் உஷ்ணத்தை வருகிற சனிக்கிழமை அளக்கப் போகிறான். நம் வெப்பமானியை இரவல் கேட்டான், கொடுத்திருக்கிறோம்.